கைத்தையலில் நேரும் குறைகளை ஏற்றுக்கொள்ளப் பழகுவது எப்படி?

எம்பிராய்டரி செய்யும்போது ஒரு தையல் சற்றுக் கோணினாலும் பிரித்துவிடுவதாகவும், அதனால் தொடங்கிய எதுவும் முடிவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகக் கைத்தையலும் ஒட்டுத்துணி வேலையும் செய்துவரும் எனக்கு, குறையும் ஓர் அழகுதான் என்று சொல்லி உங்களைத் தேற்றிவிட மனம் வரவில்லை. எல்லாக் குறையும் ஏற்கத்தக்கது அன்று. எதைத் திருத்த வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று பிரித்தறியும் கண் முதலில் வேண்டும். அது வந்துவிட்டால் உங்கள் மனப்போராட்டத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இந்தத் தவறு துணியை அவிழவோ கிழியவோ செய்யுமா, அல்லது என் மனத்தில் இருந்த படத்திலிருந்து விலகியிருப்பது மட்டும்தானா என்பதே நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. நூல்முனை சரியாக முடியப்படாமல் இருந்தாலும், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் தையலுக்கு விட்ட ஓரம் போதாமல் இருந்தாலும், நூலை இறுக்கி இழுத்ததால் துணி சுருங்கியிருந்தாலும் தயங்காமல் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் அவை துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். நெசவிலும் இந்த வேறுபாடு உண்டு: துணியின் ஓரம் லேசாக அலையலையாக வந்தால் அது நெய்தவரின் கைத்தடம், ஆனால் அகலம் தொடர்ந்து குறுகிக்கொண்டே போனால், ஓரத்துப் பாவு இழைகள் (நீளவாக்கில் ஓடுபவை) தறியின் அச்சில், அதாவது அவற்றைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற பகுதியில், உராய்ந்து அறுந்துவிடும் என்பதால் உடனே நின்று சரிசெய்தாக வேண்டும். மாறாக, ஒரு தையல் பக்கத்துத் தையலைவிட ஓரிழை நீண்டிருப்பதும், ஓர் இலையின் வளைவு வரைந்த கோட்டுக்குச் சற்று வெளியே போவதும் துணிக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

பிரிப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் போதுமான அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. துணிக்குள் நூல் ஒவ்வொரு முறை நுழைந்து வெளிவரும்போதும் தேய்கிறது; நீளமான நூலைக் கோக்காமல் முழங்கை அளவு நூலை மட்டும் கோத்துத் தைக்கச் சொல்வது அதனால்தான். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்தால் நூல் பிசிறி மங்குவதோடு, துணியின் இழைகளும் இடம் பெயர்கின்றன. பருத்தியில் விழுந்த ஊசித்துளைகள் துவைத்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மெல்லிய பட்டில் அவை வடுவாகவே நின்றுவிடும். மூன்றாம் முறையாகப் பிரித்துத் தைத்த பூ முதலில் தைத்ததைவிட ஒழுங்காக இருக்கலாம், ஆனால் அதன் அடியில் இருக்கும் துணி முன்பைவிடப் பலவீனமானது.

எது குறை என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதற்கு மெழுகுச் சாயத் துணியின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. பாத்திக் முறையில் உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் தோய்க்கும்போது, மெழுகு விரிசல் விட்டால் அதன் வழியே சாயம் கசிந்து நரம்பு போன்ற கோடுகள் விழும். நுண்ணிய வேலைக்குப் பேர்போன ஜாவாவின் கைவினைஞர்கள் அந்தக் கோடுகளைத் திறமைக்குறைவின் அடையாளமாகக் கருதி, அவை விழாமல் காத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஆலைகள் மெழுகுக்குப் பதிலாகப் பிசினைப் பயன்படுத்தி இயந்திரத்தால் அதே துணியைப் போலச் செய்தபோது, பிசின் நொறுங்கி எங்கும் கோடுகள் விழுந்தன. ஜாவாவில் அந்தத் துணி எடுபடவில்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, ஒரு கெஜம் போல இன்னொரு கெஜம் இல்லாத அந்தக் கோடுகளையே மக்கள் விரும்பி வாங்கினர். 1846-இல் நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் தொடங்கப்பட்ட விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அந்தச் சந்தைக்காகத் துணி அச்சிடுகிறது. ஒருகாலத்தில் குறையாக இருந்த கோடுகள் இப்போது திட்டமிட்டே வரவழைக்கப்படுகின்றன. டூப்பியான் பட்டின் கதையும் ஏறத்தாழ இதுவே: இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து எடுக்கும் இழை அங்கங்கே தடித்துத் திரண்டு வரும், அந்தத் தடிப்புகளுக்காகவே அத்துணியைத் தேடி வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுப்போர்வைகளையும் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். தேய்ந்த வேலையுடைகளையும் மிச்சத் துணிகளையும் குளிருக்காகச் சேர்த்துத் தைத்தவை அவை. 2002-இல் ஹூஸ்டனின் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. அவற்றில் பட்டைகள் சாய்கின்றன, சதுரங்கள் சதுரமாக இல்லை, ஒரு நிறம் தீர்ந்த இடத்தில் வேறொரு நிறம் தயக்கமின்றித் தொடர்கிறது. இதை அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது. கையில் இருக்கும் துணி எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து, அடுத்த துண்டை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுத்த கைகள் அவை. குறையை ஏற்பது என்று நான் சொல்வது இந்தக் கவனத்தைத்தான்.

ஆகவே, கைவேலை என்று தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தையலைக் கோணலாக்கும் பழக்கத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. கம்பளம் நெய்பவர்கள் ஒரு முடிச்சை வேண்டுமென்றே தவறாகப் போடுவார்கள் என்ற கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. இலட்சக்கணக்கான முடிச்சுகளைக் கையால் போடும் வேலையில் தவறை வலிய அழைக்கத் தேவையே இல்லை. முழு முயற்சியோடு தைத்தும் மீறி வருகிற வேறுபாட்டுக்கு மட்டுமே கைவேலையின் உயிர்ப்பு இருக்கிறது.

நடைமுறையில், தைக்கும்போதே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் வைத்துத் தைக்கிறோம். பார்ப்பவரோ சில அடி தள்ளி நின்று பார்க்கிறார். சந்தேகமான இடத்தில் ஒரு வண்ண நூலால் அடையாளம் இட்டுவிட்டு மேலே செல்லுங்கள், முழுப் பகுதியும் முடிந்தபின் சட்டத்திலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் கண் அந்த இடத்திலேயே போய் நின்றால் பிரியுங்கள். பின்புறமிருந்து தையல்களை வெட்டி, துண்டு துண்டாக எடுத்தால் துணிக்குச் சேதம் குறையும். பின்பக்கத்து முடிச்சுகளுக்காக மட்டும் எதையும் பிரிக்க வேண்டாம், வெளிர் நிற மெல்லிய துணியில் அடர்நிற நூல் முன்பக்கம் நிழலாகத் தெரிந்தால் தவிர.