இசை வினா விடை: ரிஷபம் ஏன் தவறுகின்றது?

வினா: எனது மகளுக்கு 12 வயது. வயலின் ஆசிரியர் வவுனியாவிலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே வந்து போகின்றார். இடைப்பட்ட நாள்களில் பிள்ளை பிழையின்றிப் பயிலட்டும் என்று, காணொளி ஒன்றைப் பார்த்து விரற்பலகையில் மூன்று இடங்களில் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டினோம். நாடாவின் மேலேயே விரல் வைத்தும் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை வேறு ஏதோ இராகம் போலக் கேட்கின்றது. ஆசிரியரும் ‘ரி (ரிஷபம் என்னும் இரண்டாம் ஸ்வரம்) பிழை’ என்கின்றார். காரணம் என்ன?
– ஒரு தாயார், மாங்குளம்

விடை: வேறு இராகம் என்று தங்களுக்குக் கேட்டது சரியே, அது சங்கராபரணம். தாங்கள் பார்த்த காணொளி மேலைத்தேய இசை பயிலும் பிள்ளைகளுக்கானதாக இருக்க வேண்டும். அவர்களது முதல் நாடா நமது சதுஸ்ருதி ரிஷபத்தின் (உயர்ந்த ரி) இடத்திலேயே அமைகின்றது. சரளி வரிசையோ மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதற்கு வேண்டியது அதனிலும் தாழ்ந்த சுத்த ரிஷபம். நாடா நான்கு தந்திகளுக்கும் குறுக்கே செல்வதால், பஞ்சமத் தந்தியில் அதே விரலால் வாசிக்கும் தைவதமும் (த) சுருதியில் உயர்ந்துவிடுகின்றது. மற்ற இரண்டு நாடாக்களிலும் குற்றமில்லை.

அளவு கொண்டு பார்த்தால் இது விளங்கும். முழு அளவு வயலினில், பிரடைகளின் (தந்தியை முறுக்கும் ஆணிகளின்) பக்கம் தந்திகள் படிந்து செல்லும் சிறு மேட்டிலிருந்து குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வரை ஏறத்தாழ 328 மில்லிமீற்றர் இருக்கும். மேட்டிலிருந்து அளந்தால் அந்த நீளத்தில் 16இல் ஒரு பங்கில், அதாவது சுமார் 20 மில்லிமீற்றரில், சுத்த ரிஷபம் பேசும். சதுஸ்ருதி ரிஷபம் 9இல் ஒரு பங்கில், சுமார் 36 மில்லிமீற்றரில் பேசும். அந்தர காந்தாரத்துக்கு (க) 5இல் ஒரு பங்கும் சுத்த மத்திமத்துக்கு (ம) 4இல் ஒரு பங்கும் ஆகும். தங்கள் மகளின் வயலின் சிறிய அளவினதாயின் மில்லிமீற்றர் குறையுமேயன்றிப் பங்கு மாறாது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இடைவெளிதான். ரிஷபத்துக்கான ஆட்காட்டி விரலுக்கும் காந்தாரத்துக்கான நடுவிரலுக்கும் இடையே 45 மில்லிமீற்றர் விரிய, நடுவிரலும் மத்திமத்துக்கான மோதிர விரலும் ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றன. சிறு பிள்ளையின் கை அவ்வாறு இயல்பாக விரியாது; காந்தாரத்தை எட்டிப் பிடிக்கும் விரல் ரிஷபத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நாடாவைக் கழற்றினாலும் இந்தப் பிழை சில காலம் தொடரும். முதலில் காந்தாரத்தையும் மத்திமத்தையும் நிலைப்படுத்திய பின், அவ்விரு விரல்களையும் எடுக்காமலே ஆட்காட்டி விரலை மட்டும் மேட்டை நோக்கிச் சாய்த்துப் பழகச் சொல்லுங்கள்.

நாடா ஒட்டுவதே குற்றம் என்று சொல்பவன் அல்லேன். எனினும் கண் பார்த்து வைக்கும் விரல், தந்தி இறங்கியிருந்தாலும் அதே இடத்திலேயே போய் நிற்கும். நம் பக்கத்துக் கோடையில் பிரடை காய்ந்து நழுவுவதும் மாரியில் ஊதி இறுகுவதும் வயலின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பட்ட பாடுதான். ஆகையால் ஒவ்வொரு நாளும் சுருதிப்பெட்டியோடு ஸ, ப, ஸ, ப (ஷட்ஜம், பஞ்சமம்) என நான்கு தந்திகளையும் சேர்த்த பின்பே விரல் வைக்க வேண்டும்.

ஆசிரியர் இல்லாத நாள்களில் வயலினே சொல்லித்தரும் ஒரு சோதனை உண்டு. மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத் தந்தியில் மோதிர விரலை வைத்தால் வருவது மத்திய (நடு ஸ்தாயி) ஷட்ஜம். பக்கத்துத் தந்தியை விரலின்றி வாசித்தாலும் அதே ஸ்வரந்தான். விரல் சரியான இடத்தில் விழும்போது, வில் படாத அந்த அடுத்த தந்தி தானாகவே அதிர்வதைக் கண்ணாலும் காணலாம்; ஒரு நூலளவு விலகினாலும் அது அடங்கிவிடும். அந்த இடத்தை விரல் பழகிக்கொண்டபின், அதே விரலை மத்திய ஷட்ஜத் தந்திக்கு நேரே மாற்றினால் மத்திமம் கிடைக்கும்.

வினா: மத்திமத்தை மோதிர விரலால் வாசிக்கும்படி என் ஆசிரியர் சொல்கின்றார். வேறொருவர் நடுவிரலையே நகர்த்தி வாசிக்கக் கண்டேன். எது முறை?
– மாணவர், மல்லாவி

விடை: இரண்டும் வழக்கில் உள்ளன. தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலக்காலின் கணுக்காலருகே ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்து வாசிக்கும் நம் முறையில், இடக்கை வாத்தியத்தின் பாரத்தைச் சுமப்பதில்லை. அதனால் விரல்கள் தந்தியில் வழுக்கிச் செல்லத் தடையில்லை. ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகங்களுக்கு அந்த வழுக்கலே உயிர். ஆயினும் வரிசைகள் பயிலும் காலத்தில் விரலை நகர்த்தினால், காந்தாரம் முடியும் இடமும் மத்திமம் தொடங்கும் இடமும் தெளிவாகா. இப்போதைக்குத் தங்கள் ஆசிரியர் சொல்வதுபோல மோதிர விரலையே வையுங்கள். வரிசைகளுக்குப் பின் பயிலும் வர்ணங்களுக்கு வரும்போது நகர்த்தும் முறையையும் அவரே சொல்லித்தருவார்.