அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஆட்டத்தில் பந்தை உதைத்த பிறகும் வீரர்கள் ஏன் அசையாமல் நிற்கிறார்கள்?

2024-ல் வந்த புதிய கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க எதிரணியை நோக்கிப் பந்தை உதைப்பது) விதிதான் காரணம். முன்பெல்லாம் உதைக்கும் அணியினர் பத்துப் பேரும் தங்கள் 35 கெஜக் கோட்டிலிருந்து (தங்கள் பக்க கோல் கோட்டிலிருந்து 35 கெஜம்) தலைதெறிக்க ஓடிவந்து எதிரணி மீது மோதுவார்கள். அந்த வேகத்தில் மோதினால் ஹெல்மெட் இருந்தும் மூளை அதிர்ச்சி ஏற்படலாம். உண்மையில் தலைக்கு வேகம்தான் எதிரி.

2011-ல் உதைக்கும் இடத்தை 30-லிருந்து 35-க்கு முன்னே நகர்த்தினார்கள். பந்து நேராகக் களத்தின் கோடியில் உள்ள எண்ட்ஸோனுக்கே போய்விட்டது; அங்கே விழும் பந்தை எடுத்து ஓடத் தேவையில்லை என்பதால் மோதல் குறைந்தது. கூடவே ஆட்டமும் செத்தது. 2024 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஒரு கிக்ஆஃபைக்கூட யாரும் எடுத்து ஓடவில்லை!

இப்போது உதைப்பவர் மட்டும்தான் 35-ல். மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 கெஜக் கோட்டில் நிற்பார்கள். பந்தைப் பெறும் அணியில் அவர்களைத் தடுப்பவர்களில் பெரும்பாலானோர் ஐந்தே கெஜம் தள்ளி, 30-க்கும் 35-க்கும் இடையில். பந்து தரையிலோ பிடிப்பவர் மீதோ படும்வரை இவர்கள் நகரக்கூடாது. ஓடி வேகம் சேர்க்க இடமே இல்லை. இந்த யோசனை, எக்ஸ்.எஃப்.எல். என்ற இன்னொரு அமெரிக்கக் கால்பந்து லீக் 2020-ல் ஆடிப் பார்த்தது.

முதல் ஆண்டில் பலர் வேண்டுமென்றே எண்ட்ஸோனுக்குள் உதைத்தார்கள். அதனால் 2025-ல் அப்படி உதைத்தால் எதிரணிக்கு அவர்களின் 30-க்குப் பதில் 35 கெஜக் கோட்டில் பந்து என்றாக்கினார்கள். கிக்ஆஃப் பந்தை எடுத்து ஓடுவது நன்றாகவே கூடியது.

எனக்கு ஒரே வருத்தம்: சொல்லாமல் கொள்ளாமல் குறுக உதைத்துப் பந்தைத் தாங்களே பிடிக்கும் தந்திரம் போய்விட்டது. 2010 சூப்பர் பவுலில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இரண்டாம் பாதியை அப்படித்தான் தொடங்கியது. 2025 விதிப்படி பின்தங்கிய அணி மட்டுமே, அதுவும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அப்படி உதைக்க முடிந்தது.