350னு பெயின்ட் அடிச்சு வெச்சா 350 ஆயிடுமா?

ஹூஸ்டன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 1970 செவெல் மாலிபு, அதான் ஷெவர்லேயோட பழைய கார், வாங்கிருக்காராம், கூடவே வந்த 307 இன்ஜின்ல (307, 350ங்கறது க்யூபிக் இன்ச்ல இன்ஜின் சைஸ்) கூலன்ட் இல்லாம வெறும் தண்ணி கிடந்து, குளிர்ல உறைஞ்சு பிளாக் விரிசல் விட்டுப்போச்சு. இப்ப ஒருத்தர் "350, ரீபில்ட் பண்ணது, 400 ஹார்ஸ்பவர்"னு 1,800 டாலர் சொல்றாராம், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எல்எஸ், அதான் ஜிஎம் கம்பெனியோட பின்னாடி வந்த கம்ப்யூட்டர் இன்ஜின், போடுங்கறாங்களாம், எதை எடுக்கறதுன்னு குழப்பம்.

350தான் தம்பி. 307ம் 350ம் ஒரே ஸ்மால் பிளாக் குடும்பம், இருக்கற மவுன்ட்லயே உக்காரும், கியர்பாக்ஸும் அப்படியே சேந்துக்கும். எல்எஸ் நல்ல இன்ஜின், நான் குறை சொல்லல, ஆனா காயலான் கடைல 5.3 லிட்டர் எல்எஸ் சீப்பா கிடைக்குதுன்னு சொல்றவங்க மீதிக் கதைய சொல்றதில்ல, கம்ப்யூட்டர், வயரிங், 58 பிஎஸ்ஐ அழுத்தம் குடுக்கற பெட்ரோல் பம்ப், மவுன்ட் அடாப்டர், டிரக் ஆயில் பேன் கீழ தொங்கும்னு அதுக்கு வேற பேன், எக்ஸாஸ்ட்னு இன்ஜின் விலைய விட சுத்தி இருக்கற சாமான் விலை ஏறிடும், கார் ரெண்டு வருஷம் ஷெட்ல கிடக்கும்.

ஆனா அந்த 1,800 டாலர் ஆளுகிட்ட உஷாரா இருங்க. "ரீபில்ட்"ங்கற வார்த்தைக்கு இந்த ஊர்ல அர்த்தமே கிடையாது, பிஸ்டன் ரிங் மாத்தி ஆரஞ்சு பெயின்ட் அடிச்சாலும் ரீபில்ட்தான். நானே ஒரு தடவை ஏமாந்தேன், பளபளன்னு இருந்த "350"ய வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்ட, அதான் சிலிண்டர் மேல இருக்கற மூடிய, கழட்டினா உள்ள 305, அதே குடும்பத்துச் சின்ன இன்ஜின்! வெளிலேர்ந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, வித்தியாசமே தெரியாது. சில ஆளுங்க பிளக் ஓட்டைல ஸ்ட்ரா விட்டு ஸ்ட்ரோக், அதான் பிஸ்டன் மேல கீழ போற தூரம், அளந்து வேற காட்டுவாங்க, அத நம்பாதீங்க, ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒண்ணுதான், 3.48 இன்ச். வித்தியாசம் போர்லதான், அதாவது சிலிண்டர் அகலத்துல, 350க்கு 4 இன்ச், 305க்கு 3.736. கால் இன்ச்சுக்கு மேல, ஹெட்ட கழட்டினா சாதா டேப்லயே தெரிஞ்சிடும்.

பிளாக்குக்குப் பின்னாடி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல, டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டில இடது பக்கம்) வார்ப்பு நம்பர், அதான் பிளாக்க வார்க்கும்போதே பதிஞ்ச நம்பர், இருக்கும். பிரேக் கிளீனர் அடிச்சு, கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, மேல சாக்பீஸ உரசுங்க, நம்பர் எழும்பி நிக்கும். 3970010னு இருந்தா கொஞ்சம் நிம்மதி, அது பெரும்பாலும் 350தான். டிப்ஸ்டிக்கும், அதான் ஆயில் அளவு பாக்கற குச்சி, பாருங்க, டிரைவர் பக்கம் இருந்தா 1980க்கு முந்தின பிளாக், பேசஞ்சர் பக்கம் இருந்துட்டு "1970 இன்ஜின் சார்"னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இப்ப ஒரு விஷயம், இத யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால நான் இழுத்துத்தான் சொல்லுவேன். 1986லேர்ந்து கிராங்க்கோட, அதான் பிஸ்டன் சுத்தற தண்டோட, பின்பக்க ஆயில் சீல ரெண்டு துண்டுலேர்ந்து ஒரே துண்டா மாத்திட்டாங்க. சீல் மட்டும் மாறியிருந்தா பரவால்ல, கிராங்க் முனைல போல்ட் வட்டமும் சின்னதாச்சு, 3.58 இன்ச் இருந்தது 3 இன்ச். உங்க 307ல இருக்கற ஃப்ளெக்ஸ்பிளேட், அதான் கிராங்க்க கியர்பாக்ஸோட சேக்கற தட்டு, அதுல ஏறாது. சரி, ஓட்டை சரியா இருக்கற ஏதோ ஒண்ண வாங்கி மாட்டலாம்னா அதுவும் கூடாது, ஏன்னா அந்த கிராங்க்குக்கு பேலன்ஸ் வெயிட்டே ஃப்ளெக்ஸ்பிளேட்லதான் இருக்கு, வெயிட் இல்லாதத போட்டா வண்டி நடுங்கும், பேரிங் போகும். 86க்கு அப்புறம் வந்த இன்ஜின்னா அதுக்குன்னே உள்ள வெயிட் வெச்ச ஃப்ளெக்ஸ்பிளேட்ட கேட்டு வாங்குங்க. கடைக்காரன் "எல்லாம் ஒண்ணுதான்"பான். ஒண்ணு இல்ல.

ஒரிஜினல் நம்பர் மேட்சிங், அதான் காரோட பிறந்த அதே இன்ஜின்னு, கூடுதல் காசு கேட்டா குடுக்காதீங்க, உங்க ஒரிஜினலே வெடிச்சுப்போச்சு, அப்புறம் எத எதோட மேட்ச் பண்றது. புகை டெஸ்ட் பயமும் வேணாம், டெக்சாஸ்ல இவ்ளோ பழைய வண்டிக்கு அது கிடையாது. 2025லேர்ந்து சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனையே தூக்கிட்டாங்க, ஆனா அதுக்குப் பதில்னு 7.50 டாலர் மட்டும் வாங்கறாங்க, செய்யாத வேலைக்குக் கூலி, யாரக் கேக்கறது.

அந்த ஆளுகிட்ட மெஷின் ஷாப் பில் கேளுங்க. இல்லேன்னா ஒரு பக்க ஹெட்ட கழட்டச் சொல்லுங்க, கேஸ்கெட் காசு நானே தரேன்னு சொல்லிடுங்க. பிஸ்டன் தலைல 030 மாதிரி நம்பர் இருந்தா (0.030 இன்ச் பெருசுன்னு அர்த்தம்) சிலிண்டர போர் பண்ணி புது பிஸ்டன் போட்டிருக்கான். கழட்ட விடமாட்டேன்னு சொன்னா பேரம்கூட பேசாதீங்க, கிளம்பி வந்துடுங்க.