காதல் நாவலை எடை போடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காதல் நாவல் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுக் காதல், மர்மக் காதல், அமானுஷ்யக் காதல், சமகாலக் காதல் என எல்லாம் கலந்து மேசையில் குவிந்து கிடக்கின்றன. இவற்றை ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகுமா?

பதில்: நியாயம்தான். ஆனால் அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காதலைப் பாடும் நம் சங்க அகத்திணை மரபே இதற்கு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள் என்கிறது தொல்காப்பியம். முதலும் கருவும் இல்லாமல் உரிப்பொருளை மட்டுமே கொண்டு நிற்கும் அகப்பாடல்கள் உண்டு. உரிப்பொருள் இல்லாமல் அகப்பாடல் இல்லை. காதல் நாவலின் உட்பிரிவுகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அரண்மனையும், கொலை விசாரணையும், 300 ஆண்டுகளாக உயிர்வாழும் மாய மனிதனும் முதலும் கருவுமாக வந்து சேர்பவை. இருவருக்கும் நடுவே நிற்கும் தடை என்ன, அது எப்படி விலகுகிறது என்பதுதான் உரிப்பொருள். எந்த வகை நாவலானாலும் நீங்கள் அளக்க வேண்டியது அதைத்தான்.

தடை பிறக்கும் இடம் மட்டும் வகைக்கு வகை மாறும். வரலாற்றுக் காதலில் குலம், சொத்து, தந்தையின் சொல் என்று சமூகமே தடையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. சமகாலக் காதலில் அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. தடை இருவரின் மனத்துக்குள்ளிருந்தே முளைத்தாக வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வகைதான் எழுதுவதற்கு எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடிய சந்தேகத்தை 200 பக்கங்களுக்கு இழுத்திருந்தால் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

மர்மக் காதலுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். குற்றவாளி 50-ஆவது பக்கத்திலேயே பிடிபட்டுவிட்டதாக எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த இருவருக்கும் பேசித் தீர்க்க ஏதேனும் மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால், உயிர்ப்பயத்தில் கைகோத்தவர்களை ஆசிரியர் காதலர்கள் என்று அழைத்துவிட்டார் என்றே பொருள். அமானுஷ்யக் காதலில் விதிகளைக் கவனியுங்கள். மாய உலகத்தின் விதி கதையின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இருவரும் சேர வேண்டும் என்பதற்காகக் கடைசி அத்தியாயத்தில் அது தளர்த்தப்பட்டால், அதுவரை அவர்கள் பட்ட துயரம் அத்தனையும் பொய்யாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிப்பகம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வெளியிடும், 50,000 சொற்களுக்குள் முடியும் தொடர்வரிசை நாவலையும் அதைப்போல மூன்று மடங்கு நீளும் நாவலையும் அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். சிறிய நாவலின் திறமை எதையெல்லாம் சொல்லாமல் விட்டது என்பதில் இருக்கிறது. பெரிய நாவலின் அருகில் வைத்துப் பார்த்தால் அந்தத் திறமையே வறுமையாகத் தோன்றிவிடும்.

கேள்வி: முடிவில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. பிறகு படிப்பதற்கு என்ன இருக்கிறது?

பதில்: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைத்தான் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் தன் வரையறையாக வைத்திருக்கிறது. ஆக, முடிவு தெரிந்திருப்பது இந்த இலக்கிய வகையின் ஒப்பந்தம். வாசகர் கேட்கும் கேள்வி வேறு: இவ்வளவு விலகி நிற்கும் இந்த இருவர் எப்படிச் சேர முடியும்?

2003-இல் பமேலா ரீஜிஸ் என்ற ஆய்வாளர், காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டுக் கூறுகளை வகுத்துக் காட்டினார். கதை நடக்கும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்தல், எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும் சாவுக்கு நிகரான கணம், தடையை வெல்லும் தெளிவு, மண உறுதி என்பவை அவை. இவற்றுள் ஆறாவதையும் ஏழாவதையும் மிகக் கூர்ந்து படியுங்கள். தெளிவு எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வரும் ஒரு செய்தியோ, பெற்றோரின் மனமாற்றமோ, எதிர்பாராத பரம்பரைச் சொத்தோ தடையை அகற்றினால் காதலர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள்.

ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி தன் காதலை முதன்முதலில் சொல்வது 34-ஆவது அத்தியாயத்தில்; நாயகி எலிசபெத் மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவன் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் அதை முதலில் கோபத்தோடு படிக்கிறாள். பிறகு திரும்ப எடுத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்து, தான் இத்தனை நாளும் தன்னையே அறிந்திருக்கவில்லை என்று உணர்கிறாள். அவர்களுக்கு நடுவே நின்ற தடை அங்கேதான் இடியத் தொடங்குகிறது, அதுவும் அவள் கையாலேயே. அவன் இரண்டாம் முறை கேட்பதற்கு இன்னும் 20 அத்தியாயங்களுக்கு மேல் இருக்கின்றன; 200 ஆண்டுகள் கடந்தும், முடிவு தெரிந்த வாசகர்கள் அவற்றை ஆவலோடு படிக்கிறார்கள்.

கேள்வி: வரலாற்றுக் காதல் நாவலில் காலப்பிழைகளுக்கு எவ்வளவு மதிப்பெண் குறைக்கலாம்?

பதில்: பிழை எதைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒரு சட்டையின் பொத்தான் பத்து ஆண்டு முன்னதாக வந்துவிட்டால் கதை சாய்ந்துவிடாது. தடையைத் தாங்கி நிற்கும் சட்டமோ வழக்கமோ தவறானால் கதை நிற்காது. எடுத்துக்காட்டாக, 1753-ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதமின்றித் திருமண உரிமம் பெற்று மணந்தால் அந்தத் திருமணம் அக்காலத்தில் செல்லாததாக இருந்தது; ஸ்காட்லாந்துக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. காதலர்கள் எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடியது அதனால்தான். மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட, 1811 முதல் 1820 வரையிலான ரீஜன்சி காலத்தில் நடக்கும் நாவல்களில் அந்த ஊர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமும் அதுவே. 19 வயது நாயகி தந்தையை எதிர்த்து இலண்டனிலேயே உரிமம் வாங்கிச் சிக்கலின்றி மணந்துகொண்டால், ஆசிரியர் தன் கதையின் முதுகெலும்பையே கவனிக்கவில்லை என்று கொள்ளலாம்.

கேள்வி: ஒருவர் அழகை ஒருவர் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். முத்தக் காட்சிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் அவர்கள் காதலிக்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. எது குறைகிறது?

பதில்: கவனிப்பு குறைகிறது. முன்பு நான் படித்த ஒரு கையெழுத்துப் பிரதி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. நாயகி இளம் விதவை. கதவு அடித்துச் சாத்தப்படும் ஓசை கேட்டால் அவள் உடல் நடுங்கும். கணவன் உயிரோடு இருந்த நாட்களின் மிச்சம் அது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. 60 பக்கங்கள் கழித்து, மழையும் காற்றுமான ஓர் இரவில் நாயகன் அறைக்குள் நுழைகிறான். நிலைச்சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே தன் உள்ளங்கையைக் கொடுத்து, ஓசையே எழாமல் மெல்லச் சாத்துகிறான். ஏன் என்று ஆசிரியர் விளக்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அந்தக் கையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்த நாவலில் முத்தக் காட்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் அவன் காதலை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை.

அந்தரங்கக் காட்சிகள் நிறைந்த நாவலுக்கும் இதே கேள்விதான். காட்சி முடிந்தபின் இருவரில் ஒருவராவது மற்றவரைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்திருக்கிறாரா? அறிந்திருந்தால் அது கதையின் பகுதி. கூச்சத்தினாலோ ஆர்வத்தினாலோ மதிப்பெண்ணைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய காதல் நாவல்களில் நாயகன் நாயகியைப் பலவந்தப்படுத்துகிறான், பிறகு அவளே அவனைக் காதலிக்கிறாள். அக்காலத்து நடை என்று விட்டுவிடலாமா?

பதில்: 1970-களில் ஆங்கிலத்தில் வந்த பல வரலாற்றுக் காதல் நாவல்களில் அத்தகைய காட்சி இடம்பெற்றது உண்மை. அன்று ஏன் அப்படி எழுதினார்கள் என்பதை ஆராயலாம், ஆராயவும் வேண்டும். ஆனால் இன்று எழுதப்பட்டுப் போட்டிக்கு வரும் நாவலில் அது இருந்தால் என்னால் ஏற்க முடியாது. இந்த இலக்கிய வகையின் முடிவு நமக்கு மனநிறைவு தர வேண்டுமானால், அவள் "சரி" என்று சொல்வதற்குப் பொருள் இருக்க வேண்டும். "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பொருளில்லாத கதையில் "சரி" என்ற சொல்லுக்கும் பொருளில்லை. கடுமையான நாயகன் வரலாம். அவன் கடுமைக்கு ஒரு விலை கொடுக்கிறானா, அவள் விலகிப் போக நினைத்தால் வழி திறந்திருக்கிறதா என்பதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: சில நாவல்களின் பாத்திரங்களோடு என்னால் ஒன்ற முடியவில்லை. அதைக் காரணமாகக் காட்டி மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் முன்னே சொன்ன அமெரிக்கச் சங்கம் 1982-இல் ஒரு விருதைத் தொடங்கியது. 1990 முதல் அதற்கு ரீட்டா என்று பெயர். உட்பிரிவு வாரியாக, பெரும்பாலும் சக எழுத்தாளர்களே மதிப்பெண் இட்டார்கள். 2019-க்கு முன் கறுப்பின எழுத்தாளர் ஒருவர்கூட அவ்விருதை வென்றதில்லை. அவ்வாண்டு முதன்முறையாக இருவர் வென்றார்கள். அதுவே அவ்விருது வழங்கப்பட்ட கடைசி ஆண்டாகவும் ஆயிற்று. அத்தனை ஆண்டுகளிலும் நல்ல நாவல் ஒன்றுகூட அவர்களிடமிருந்து வரவில்லை என்று யாரால் நம்ப முடியும்? ஒவ்வொரு நடுவரும் தன் மனசாட்சிப்படியே மதிப்பெண் இட்டிருப்பார். தனக்குப் பழக்கமில்லாத வாழ்க்கையைக் கண்டபோது "ஒன்ற முடியவில்லை" என்று எண்ணியிருப்பார்.

ஆகவே அந்த உணர்வு வரும்போது நாவலை மூடி வைத்துவிட்டு, எந்தப் பக்கத்தில் விலகினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தப் பக்கத்தை மட்டும் மீண்டும் படியுங்கள். அங்கே பாத்திரம் தன் இயல்புக்கு மாறாக நடந்திருந்தால் குறை நாவலுடையது, குறையுங்கள். பாத்திரம் தன் இயல்பிலேயே இருந்து, அந்த இயல்பு உங்களுக்குப் புதிதாக மட்டும் இருந்தால், முதல் நாள் பென்சிலால் இட்ட மதிப்பெண்ணை அழித்துவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.