மெக்சிகோ வழியாகப் போகும் குடியேறிகளைக் குற்றக் கும்பல்களிடமிருந்து காப்பாற்ற என்னதான் வழி?

சில வருடங்களாக, அமெரிக்காவில் அடைக்கலம் கேட்பவர்களுக்காக ஃபோனில் தமிழ் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். பல நாடுகளைச் சுற்றி, கடைசியாக மெக்சிகோவைக் கடந்து வந்திருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கள்ளத்தனமாக எல்லை கடத்திவிடும் ஆளைக் குறிக்கும் 'ஏஜென்சிக்காரன்' என்ற சொல் அவர்கள் பேச்சில் ஓயாமல் வரும். அதே ஆளைத்தான் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 'கொயோத்தே' என்கிறார்கள்.

ஒரு பையன், மெக்சிகோவில் ஏதோ ஒரு வீட்டில் நான்கு நாள் அடைத்து வைக்கப்பட்டிருந்தவன். வெளிநாட்டிலிருந்த சித்தப்பா பணம் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "ஏன் போலீஸில் சொல்லவில்லை?" என்று வக்கீல் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "எங்களைப் பிடிச்சுக் குடுத்ததே யூனிபோர்ம் போட்ட ஆக்கள்தான், அக்கா" என்றான்.

'வழிநெடுக இன்னும் போலீஸைப் போடலாமே' என்று யாராவது சொன்னால் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். இதை ஒரு பையனின் புலம்பல் என்று ஒதுக்கவும் முடியாது. 2021 ஜனவரியில், மெக்சிகோவில் அமெரிக்க எல்லையை ஒட்டிய தமாவ்லிபாஸ் மாநிலத்தின் காமார்கோ பகுதியில் எரிந்த வண்டியில் 19 உடல்கள் கிடைத்தன. பெரும்பாலானவர்கள் குவாத்தமாலாக்காரர்கள். 2023-இல் அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட 11 பேரும் மாநிலப் போலீஸ்காரர்கள்.

அதே மாநிலத்தில் சான் ஃபெர்னாண்டோ என்ற ஊர் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் செத்தாஸ் என்ற போதைப்பொருள் கும்பல் 72 குடியேறிகளை அங்கே சுட்டுக் கொன்றது. 58 ஆண்கள், 14 பெண்கள். குண்டடிபட்டும் செத்ததுபோல் கிடந்து தப்பிய ஓர் ஈக்வடார் இளைஞர் கடற்படைக் காவல்சாவடி வரை நடந்துபோய்ச் சொன்னதால்தான் விஷயமே வெளியே வந்தது. இறந்தவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. அடுத்த ஆண்டு அதே ஊரின் புதைகுழிகளிலிருந்து 193 உடல்களை எடுத்தார்கள்.

இத்தனைக்கும் கொலை இவர்களுடைய முக்கியத் தொழில் இல்லை, கடத்தல்தான் தொழில். 2008 செப்டம்பர் முதல் 2009 பிப்ரவரி வரையிலான ஆறே மாதத்தில் 9,758 குடியேறிகள் கடத்தப்பட்டதாக மெக்சிகோவின் தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கெடுத்தது. பிணைப்பணம் சராசரியாகத் தலைக்கு 2,500 டாலர். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டரைக் கோடி டாலர் வருகிறது. பிடித்ததும் முதல் கேள்வி, 'அமெரிக்காவில் உனக்கு யார் இருக்கிறார்கள், நம்பர் என்ன?' என்பதுதான். ஆபத்துக்கு உதவட்டும் என்று வீட்டார் மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்பிய அதே நம்பர்!

இந்த வியாபாரம் இவ்வளவு சுலபமாக நடப்பதற்குக் காரணம், பிடிபட்டவன் யாரிடமும் போய் முறையிட மாட்டான் என்ற நிச்சயம். புகார் கொடுத்தால் நாடுகடத்தப்படுவோம் என்று அவன் பயப்படுகிறான், அது கும்பலுக்கும் தெரியும். அதனால் என்னைக் கேட்டால், ஒளிந்து போக வேண்டிய அவசியத்தைக் குறைக்கிற எதுவும் பாதுகாப்பு, கூட்டுகிற எதுவும் கும்பலுக்கு லாபம்.

2014-இல் மெக்சிகோ தன் தெற்கு எல்லைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 'லா பெஸ்டியா' என்று பெயரெடுத்த சரக்கு ரயில்களின் கூரையில் ஆட்கள் ஏறாமல் தடுத்தார்கள். ரயில் கூரைப் பயணம் கொடூரமானது, கை கால் போனவர்கள் ஏராளம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏற முடியாதவர்கள் ஊர் திரும்பிவிடவில்லையே. காட்டுப்பாதையில் நடந்தார்கள், கொள்ளைக்காரர்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

இதற்கு நேர் எதிரானது 2018 அக்டோபரில் ஹோண்டுராஸின் சான் பெத்ரோ சூலாவிலிருந்து அமெரிக்காவை நோக்கிக் கிளம்பிய குடியேறிகளின் பெருங்கூட்டம். அதை 'படையெடுப்பு' என்றெல்லாம் வர்ணித்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த ஒரு தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள்: ஆயிரக்கணக்கானோர், பட்டப்பகல், சுற்றிலும் கேமராக்கள். இந்தக் கூட்டத்திலிருந்து ஆளைத் தூக்குவது லேசில்லை. ஏஜென்சிக்காரனுக்குக் காசும் வேண்டாம். கூட்டமாகப் போனதே அவர்களுக்குக் காவல். அந்த வழியையும் பின்னால் அடைத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் வந்த கூட்டத்தைத் தெற்கு எல்லையிலேயே மெக்சிகோவின் தேசியக் காவல்படை தடுத்து நிறுத்தியது.

வழியில் குடியேறிகள் தங்கிப்போகும் அடைக்கல இல்லங்களும், ஒளிய வேண்டிய அவசியத்தைக் குறைப்பதால்தான் உயிர் காக்கின்றன. பாதிரியார் சொலலிந்தே 2007-இல் தெற்கு மெக்சிகோவின் இக்ஸ்தெபெக் ஊரில் தொடங்கிய இல்லம் ஓர் உதாரணம். வெராக்ரூஸ் மாநிலத்தில் 1995 முதல் ஓடும் ரயிலுக்குச் சோற்றுப் பொட்டலம் வீசிவரும் 'லாஸ் பத்ரோனாஸ்' பெண்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மெக்சிகோவின் 2011-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, இப்படிப்பட்ட இல்லங்களுக்குள் அதிகாரிகள் ஆவணச் சோதனை நடத்தக் கூடாது. சின்ன விதிதான், ஆனால் இரவில் தூங்க முடிகிறது. வாசலுக்கு வெளியே கும்பலின் ஆட்கள் நோட்டம் பார்ப்பது வேறு கதை.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மெக்சிகோ மண்ணில் குற்றத்துக்கு ஆளானவரோ சாட்சியோ மனிதாபிமான அடிப்படையில் தங்கும் அட்டை கேட்கலாம். நாடுகடத்த மாட்டார்கள், வேலையும் பார்க்கலாம். 2015-இலிருந்து, சொந்த நாட்டிலேயே இருக்கும் குடும்பத்தார் அங்குள்ள மெக்சிகோ தூதரகம் மூலம் புகார் கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. உண்மையில் பணமும் ஆளும் கொட்ட வேண்டிய இடம் இதுதான் என்பேன். அட்டை சீக்கிரம் கிடைக்க வேண்டும். புகாரை வாங்குகிற அலுவலகம் உள்ளூர்ப் போலீஸோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். பயணிகளின் மொழியில் யாராவது இதைச் சொல்லவும் வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்படி ஓர் அட்டை இருப்பதே தெரியாது. வக்கீல் விளக்கியதை நான் தமிழில் சொல்லி முடித்ததும், "அதுக்கும் முதல்ல போய் முறைப்பாடு குடுக்கோணும்தானே அக்கா?" என்று கேட்டான். ஆமாம், கொடுக்க வேண்டும்.