ஏழாவது இயக்குநர்

அன்புள்ள அண்ணா,

லண்டன் நேஷனல் தியேட்டரின் தலைமைக்கு இந்து ரூபசிங்கம் வந்ததைப் பற்றி எங்கள் நாடகக் குழுவில் ஒரே வாக்குவாதம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 300 பேர்கூட உட்கார முடியாத அரங்கை நடத்தியவரை அங்கே உட்கார வைத்தது திறமைக்காகவா, ‘முதல் பெண்’ என்று சொல்லிக்கொள்ளவா என்று கேட்கிறான் ஒரு நண்பன். என்னைக் கேட்டால், இருப்பவர்களில் யார் நன்றாக நாடகம் போடுகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதானே, இதற்கு ஏன் மாதக்கணக்கில் தேடல்? எங்கள் வாத்தியாரும் இந்த வருஷம் ஒதுங்கிக்கொள்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

ரா., தஞ்சாவூர்

அன்புள்ள ரா.,

உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நண்பருடையது அப்புறம். நன்றாக நாடகம் போடுகிறவரிடம் நாடகசாலையைக் கொடுத்தால், பல நேரம் இரண்டுமே கெடும். தலைமை இயக்குநர் தானும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு போடுவார், சரி. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் போடும் நாடகத்துக்கு மேடையும் தேதியும் பணமும் ஒதுக்குவதுதான் வேலை. நேஷனல் தியேட்டரில் மூன்று அரங்குகள். பெரியதான ஒலிவியர் அரங்கின் மேடைக்கு அடியில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சுழலும் உருளை இருக்கிறது. மேலே ஒரு காட்சி ஓடும்போதே கீழே அடுத்த செட்டைப் பூட்டி மேலே ஏற்றலாம். இவ்வளவையும் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்க விடாமல் ஓட்ட வேண்டும். எதை, யாரிடம், எந்த அரங்கில், எந்த மாதம் என்று ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் தேடுவதும் அதனால்தான். முன்பு தலைமையில் இருந்த ரூஃபஸ் நோரிஸ் விலகுவதாக 2023 ஜூனில் சொன்னார், டிசம்பரில் அடுத்தவர் பெயர் வந்தது, முழுப் பொறுப்பு கைமாறியது 2025இல்தான். நடுவில் இருந்த காலம் முழுக்கப் புதியவருக்கு வேலை இருந்தது, நாற்காலிதான் இல்லை.

அந்த அரங்கின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று 2007இல் வந்த ‘வார் ஹார்ஸ்’, ஒரு போர்க்குதிரையின் கதை. அப்போது தலைமையில் இருந்தவர் நிக்கோலஸ் ஹைட்னர், பெயர்பெற்ற இயக்குநர். ஆனால் அதை இயக்கியவர்கள் மரியான் எலியட்டும் டாம் மாரிஸும். தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு பிரம்பை வளைத்து ஆளுயரக் குதிரைகள் செய்தது. ஒரு குதிரைக்கு மூன்று பேர்: தலைக்கு ஒருவர் வெளியே, உடம்புக்குள் இருவர். மூச்சு வாங்குவதையும் காதை அசைப்பதையும் சேர்த்துப் பழகவே எவ்வளவு நாள் ஆகும், யோசியுங்கள். உயிருள்ள குதிரை என்று சனம் நம்புமா என்று யாருக்கும் நிச்சயமில்லாத கட்டத்தில், ஒத்திகைக் கூடத்தைத் திறந்துவிட்டு, செலவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார் ஹைட்னர். பிறகு லண்டனின் வெஸ்ட் எண்ட், நியூயார்க்கின் பிராட்வே என்று அது சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் எத்தனையோ நாடகம் நடந்தது. தலைமை இயக்குநரின் திறமை என்று நான் சொல்வது இதைத்தான். அவர் பெயர் சுவரொட்டியில் இயக்குநராக இருக்காது.

எடுக்கிறவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், நல்ல ஆளை எடுத்தும் பிரயோஜனமில்லை. லண்டனிலேயே உதாரணம் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து முறையில் திரும்பக் கட்டிய குளோப் அரங்குக்குத் தலைமை இயக்குநராக எம்மா ரைஸை எடுத்தார்கள். அவர் நாடகங்களில் பாட்டு, கூத்து, விளக்கு எல்லாம் அமர்க்களப்படும் என்பது ஊருக்கே தெரியும். 2016இல் வந்தார், வழக்கம்போலவே செய்தார், டிக்கெட்டும் நன்றாக விற்றது. அதே அக்டோபரில் நிர்வாகக் குழு கூடி, இந்த விளக்கும் ஒலியமைப்பும் இந்த அரங்குக்கு ஒத்துவராது என்று அறிவித்தது. 2018இல் கிளம்பிவிட்டார். இதில் அவர் மேல் என்ன தப்பு? ஷேக்ஸ்பியர் காலத்து வெளிச்சம்தான் வேண்டும் என்றால், கையெழுத்து வாங்கும் முன்பு அதைப் பேசியிருக்க வேண்டும்.

இதைவிட மோசம், போகிறவருக்கே சொல்லாமல் வருகிறவரைப் பிடிப்பது. நேஷனல் தியேட்டரை 1963இல் ஓல்டு விக் அரங்கில் தொடங்கி நடத்தியவர் லாரன்ஸ் ஒலிவியர். அவருக்குத் தெரியாமலேயே, அடுத்து வந்த பீட்டர் ஹாலோடு பேச்சு நடந்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை. தன் பெயர் வைத்த மேடையில் அவர் ஒரு நாடகத்தில்கூட நடிக்கவில்லை, 1976இல் ராணி வந்து திறந்துவைத்தபோது பேசியதோடு சரி.

இப்போது உங்கள் நண்பர். ஒலிவியர், ஹால், ஐர், நன், ஹைட்னர், நோரிஸ்: முதல் ஆறு பேரும் ஆண்கள். அதில் ஹாலில் இருந்து ஹைட்னர் வரை வரிசையாக நான்கு பேர் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். அது ஒதுக்கீடா என்று யாராவது கேட்டார்களா? ஏழாவதாக ஹல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த ஒருவர் வந்ததும் கேட்கத் தோன்றுகிறது.

ரூபசிங்கம் 2012இல் இருந்து நடத்தியது டிரைசைக்கிள் என்ற அரங்கு. சின்னதுதான். ஆனால் ஒரு கட்டடத்தை மூடி, மராமத்து பார்த்து, 2018இல் திரும்பத் திறந்து, கில்ன் என்று பெயரையும் மாற்றி, பழைய பெயர்தான் வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று கோஷம் போட்டபோது தாக்குப்பிடித்து, அரங்கையும் ஓட்டியிருக்கிறார். பெரிய இயக்குநர்கள் பலருக்கு இந்தப் பாடு தெரியாது. பெரிய மேடை தெரியாதவரும் இல்லை. சென்னைக்காரரான அனுபமா சந்திரசேகர் எழுதிய கோட்சே பற்றிய நாடகத்தை 2022இல் அந்த ஒலிவியர் மேடையிலேயே இயக்கியவர் அவர்தான். நிர்வாக இயக்குநர் கேட் வராவும் அவரும் இணைத் தலைமை நிர்வாகிகளாகப் பொறுப்பைப் பங்கிட்டிருக்கிறார்கள். நோரிஸ் வரும்போது டெஸ்ஸா ராஸ் என்பவரைத் தலைமை நிர்வாகியாக வைத்துப் பார்த்தார்கள், சில மாதங்களிலேயே அந்த ஏற்பாடு சரிப்படவில்லை என்று ராஸ் விலகினார். யாருக்கு எதில் கடைசிச் சொல் என்பது ஆளைவிடப் பெரிய கேள்வி. ரூபசிங்கம் ஜெயிப்பாரா என்று கேட்டால், நாலைந்து வருஷம் போகட்டும்.

உங்கள் நிலைமைக்கு லண்டனைவிட மைசூர் கிட்டே வரும். அங்கே இருக்கும் கர்நாடக அரசின் நாடகக் குழுவான ரங்காயணத்தை 1989இல் நாடக இயக்குநர் பி.வி. காரந்த் தொடங்கினார். அவர் போன பிறகும் அவர் பழக்கிய நடிகர்கள் அங்கேயே இருந்தார்கள். அடுத்தடுத்து வந்த இயக்குநர் ஒவ்வொருவரும் இன்னொருவர் கையில் வளர்ந்த குழுவை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. உங்கள் வாத்தியாரின் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். “அவர் இப்படிச் செய்யமாட்டாரே” என்பதை முதல் ஒத்திகையிலேயே கேட்கலாம்.

ஆகவே வாத்தியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். பொறுப்பைக் கேட்டு வருகிறவரிடம் போட்ட நாடகங்களின் பட்டியலைக் கேட்காதீர்கள், அது உங்களுக்கே தெரியும். “அடுத்த வருஷம் நீங்கள் இயக்காத எந்த நாடகத்தை இங்கே போடுவீர்கள், அதைக் குழுவில் யாரிடம் கொடுப்பீர்கள், பணத்துக்கு என்ன வழி?” என்று அவரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் பெயரும் தொகையுமாகப் பதில் சொல்கிறவர் யாரென்று பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.