கொள்ளுப்பாட்டி எந்த ஆண்டு இறந்தார்?

கேள்வி: தேவகோட்டை பக்கம், ரங்கூனில் கொண்டுவிற்றுச் சம்பாதித்த எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. 1926 கிரயப் பத்திரம், கணக்குப் பேரேடு, பழைய படங்கள் என்று இரண்டு வருடம் அலைந்து வீட்டின் வரலாற்றையே திரட்டிவிட்டேன். அவர் 1951-இல் உயில் எழுதாமல் காலமானார். கொள்ளுப்பாட்டி 1963-இல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். அவர்களுக்கு என் தாத்தா, அவர் தம்பி, இரண்டு பெண்கள். ஒரு பெண் வழியினர் பினாங்கில் இருக்கிறார்கள். தம்பி வழிப் பங்காளி சாவியை வைத்துக்கொண்டு கதவுகளைக் கழற்றி விற்கிறார். வீட்டைக் கட்டி முடித்தது என் தாத்தாதான் என்று பேரேடு சொல்கிறது. வீடு முழுக்க எங்களுக்கே என்று விளம்புகை (நீதிமன்றம் உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு) கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது யார் என்பதை வைத்து உரிமை வராது. பத்திரம் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது. சொத்து அவருடைய சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்தது. உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது இரண்டு இறப்பு ஆண்டுகளை மட்டும்தான்.

1951-இல் நடப்பில் இருந்தது 1937-ஆம் வருட இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அதன்படி மனைவிக்கும் ஒரு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆக, இரண்டு மகன்களுக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்போது கொள்ளுப்பாட்டியின் பங்கு வரம்புக்குட்பட்ட உரிமைதான், அதாவது அவர் ஆயுள்வரைக்கும் மட்டும். 17.6.1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததும் 14(1) பிரிவு அதை முழு உரிமையாக்கிவிட்டது. 1963-இல் அவர் கண்ணை மூடியதும் அந்தப் பங்கு மகன், மகள் நால்வருக்கும் சமமாக இறங்கியது. பெண்கள் வழிக்கு ஆளுக்கு 1/12. உங்கள் கிளைக்கு 5/12, பங்காளி கிளைக்கு 5/12. சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது என்ற வாதம் எடுபடாது.

பங்காளி சாவி வைத்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கூட்டுப் பங்குதாரர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம். 12 வருடம் ஆயிற்று என்பதால் மட்டும் வீடு அவருடையதாகாது. கதவு விற்பனையைத் தடையாணையில் நிறுத்தலாம், ஆனால் அதைப் பாகவழக்கோடு (பங்கைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கோடு) சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான் பயப்படுவது உங்கள் பேரேட்டுக்குத்தான். இதேபோல் விளம்புகை வழக்குப் போட்டுவிட்டுப் பாதியில் என்னிடம் வந்தார் ஒருவர். அவரே தாக்கல் செய்த கணக்கு நோட்டைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிரித்து, அவருடைய அப்பத்தாவின் கருமாதிச் செலவு எழுதிய பக்கத்தைக் காட்டியிருக்கிறார். தேதி 1958, அதாவது 1956 சட்டம் வந்த பிறகு. "இது உங்கள் அப்பா கையெழுத்துத்தானே?" "ஆமாம்." அந்த ஒரு வார்த்தையில் அத்தைகளின் பங்கு நிலைத்துவிட்டது. அவர்களை வழக்கில் சேர்க்கவே இல்லை. பிறகு சேர்த்தபோது ஒவ்வொருவராக இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் 90 நாளுக்குள் வாரிசுகளைக் கொண்டுவர வேண்டும், ஒருமுறை தவறிவிட்டது. கடைசியில் நான் போய்ப் பார்த்தபோது பட்டாலையில் (கூடத்தில்) தேக்குத் தூண் நின்ற இடங்களில் கல் அடிப்பீடம் மட்டும் இருந்தது.

பாகவழக்கில் முழுதாக ஜெயித்தாலும், பன்னிரண்டு பங்காக வெட்ட முடியாத வீட்டை 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டப்படி ஏலத்துக்கு விடலாம். வீட்டைக் காப்பாற்றத்தான் இத்தனை அலைச்சல் என்றால் சமாதானமாகப் போங்கள். பெண்கள் வழி 1/12-களுக்கு இன்றைய மதிப்பில் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்குங்கள். பங்காளியோடு பதிவு செய்த பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள், அல்லது ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேயும் பலர் சறுக்கியிருக்கிறார்கள். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று பினாங்கிலிருந்து வெள்ளைத்தாளில் எழுதி வரும் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பதிவு இல்லாமல் அதில் உரிமை மாறாது. எழுதியவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் வந்து பங்கு கேட்பார்கள். அவர்கள் சார்பில் இங்கே விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய, மலேசியாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷனில்) சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

யாரிடமும் தொகை பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொள்ளுப்பாட்டி பெயரில் உயில் உண்டா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் (உயில்களைப் பதியும் புத்தகம்) தேடச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது. ஒன்று கிடைத்தால் நான் போட்ட கணக்கு மாறும்; அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள்.